மணலுக்குள் மிதக்கிற தண்ணீர்

கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1985இல் விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்த கமலேஸ்வரி, தன் பாடங்களில் ஒன்றாகப் புவிச்சரிதவியலைத் தெரிவு செய்துவிட்டாள் என்ற செய்தி திருகோணமலைக் கரையோரச் சாம்பல்தீவுக்கு வந்தபோது, அவளுடைய தகப்பன் இராசையா தன் கடையில் சாமான் வாங்க நின்றவர்களுக்கு முன்னாலேயே மேசையில் ஓங்கி அறைந்தார்.

"கல்லுப் பொறுக்கவோ இவளைக் கண்டிக்கு அனுப்பினனான்?"

மகள் இரசாயனம் படித்து ஆசிரியையாக வருவாள் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கல்லையும் மண்ணையும் நிலத்தடித் தண்ணீரையும் பற்றி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்த உடனேயே அது அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

அவள் அதை எடுத்ததற்குக் காரணம் ஒரேயொரு விரிவுரை. பாடம் தெரிவு செய்வதற்கு முதல் எல்லா வகுப்புகளிலும் போய் இருந்து பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். மழைக்கு ஒதுங்குவதுபோல ஒரு வகுப்பில் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். விரிவுரையாளர் கடற்கரைக் கிணறுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடற்கரை மணலுக்குள் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது; மேலோட்டமாகத் தோண்டி அளவாக அள்ளினால் நல்ல தண்ணீர், ஆழம் போனாலோ அடித்து இறைத்தாலோ கீழே கிடக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அவ்வளவுதான் அவர் சொன்னது. கமலேஸ்வரி கொப்பியில் இரண்டு கிணறு கீறினாள்.

அவர்களுடைய வளவில் இரண்டு கிணறுகள் இருந்தன. பின்பக்கத்துக் கிணறு தேன்போல. அம்மா சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில் பிறகு வெட்டிய கிணறு வாயில் வைக்க ஏலாத உவர். குசினிக்குக் கிட்ட ஒரு கிணறு வேண்டும் என்று கேட்டவள் அவளுடைய அம்மா. அந்தக் கிணறு உவர்த்த நாளிலிருந்து, திசை பார்க்காமல் ஆசைப்பட்டு வீட்டுக்குத் தரித்திரம் கொண்டுவந்தவள் என்ற ஏச்சு அம்மாவுக்கு நித்திய பூசையாகிவிட்டது. சோறு குழைந்தாலும் அந்தக் கிணறு. மாடு செத்தாலும் அந்தக் கிணறு. ஆனால் அதை முதலாவது கிணற்றைவிட இரண்டு மடங்கு ஆழமாக வெட்டுவித்தவர் அப்பா. ஆழம் போனால் கோடையிலும் வற்றாது என்று கூலிக்காரரை நின்று விரட்டி வெட்டுவித்தவர் அவர்.

விடுமுறைக்கு வந்த அன்று, சாப்பாட்டு நேரம், அவள் அதைச் சொன்னாள்.

"அப்பா, கிணறு உவர்த்ததில அம்மாவில பிழையில்லை. ஆழம் கூடிப்போச்சு. அதுதான் கீழ இருந்த உப்பு வந்தது."

இராசையா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார். "அப்ப பிழை என்னில எண்டுறாய்."

இருபது வயதுப் பிள்ளை. பதிலை எப்படி மடித்துக் கொடுப்பதென்று தெரியாது. "ஓம்" என்றாள்.

சோற்றுக் கோப்பை சுவரில் போய் விழுந்தது. அடுத்தது அறை, அவளுடைய கன்னத்தில். அண்ணன் குணரத்தினம் எழும்பி வந்து அப்பாவின் கையைப் பிடிப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் எழும்பினான்தான், ஆனால் அவளைப் பார்த்து, "படிக்கப் போனது தேப்பனைக் குற்றஞ்சாட்டவோ?" என்றான். அதைவிட அவளுக்கு நொந்தது வேறொன்று. சிதறின சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டே அம்மா சொன்னாள்: "உன்ர படிப்பால எனக்கு இண்டைக்கும் ஒரு ஏச்சு."

இராசையா அதற்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு யுத்தம் திரும்ப மூண்டு ஊர் முழுதும் ஓடியபோது அவரும் மனைவியும் குணரத்தினமும் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனார்கள். அங்கே அகதி முகாமில் நெஞ்சு நோவில் அவர் செத்துப்போனார். அப்பாவுக்கு மூச்சிருந்தவரை மனத்தாங்கல் தீரவில்லை, அதற்குக் காரணம் இவள்தான் என்று அம்மாவோடு திரும்பி வந்த குணரத்தினம் சொன்னான். தகப்பனுடைய கோபம் காணி உறுதிப் பத்திரம்போல மகனுக்கு எழுதப்பட்டுவிட்டது.

கமலேஸ்வரி இந்தியாவுக்குப் போகவில்லை. கலவரமும் பல்கலைக்கழக மூடலுமாக இழுபட்ட படிப்பை ஒருவாறு முடித்து, திருகோணமலை நகரத்தில் தண்ணீர் சம்பந்தமான ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலைக்கு வந்தாள். கிணறு எங்கே வெட்டலாம், குழாய்க்கிணறு எங்கே இறக்கலாம் என்று மண்ணைப் பார்த்துச் சொல்லுகிற வேலை. சுத்தியல், திசைகாட்டி, வரைபடம், நிலத்தில் திருகி இறக்குகிற ஒரு நீளமான இரும்புத் துளைகோல். இந்த நாலையும் சுமந்துகொண்டு யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பொம்பிளை றோட்டில் போவதென்றால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நிலாவெளி றோட்டில் ஒருதரம் சோதனைச் சாவடியில் அந்தத் துளைகோலைக் கண்டுவிட்டு அவளை இறக்கினார்கள். கண்ணிவெடி புதைக்கிற ஆயுதம் என்றான் ஆமிக்காரன் ஒருவன். இது மண் எடுக்கிறது, தண்ணீர் பார்க்கிறது என்று அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினாள். வாகனம் ஓட்டிவந்த அன்ஸார், அவள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற மூதூர் முஸ்லிம், சாதுவான மனிதர், கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள்தான் விட்டார்கள். சுத்தியலை வைத்துக்கொண்டார்கள். அவள் திரும்பிப் போய்ச் சுத்தியலைக் கேட்டாள். அன்ஸார் வாகனத்துக்குள் இருந்து ஓதத் தொடங்கிவிட்டார்.

"மிஸ், உசிரத் தந்ததே பெரிய காரியம். சுத்தியலுக்கு நிண்டு மல்லுக் கட்டாதீங்க."

"அது என்ர சுத்தியல், நானா."

சுத்தியல் வரவில்லை. சில மாதத்துக்குள் மறுபக்கத்து இயக்கத்திலிருந்தும் ஆள் வந்தது. நிலம் எங்கே இளக்கம், எங்கே பாறை என்று தெரிந்தவள் நீதானே, பதுங்குகுழிக்கு இடம் குறித்துத் தா என்று ஒரு பொடியன் வீட்டு வாசலில் வந்து நின்றான். தண்ணீருக்கு மட்டும்தான் மண் பார்ப்பேன் என்றாள். "வாய் நீளம், கவனம்" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பக்கமும் அவளை ஒரே கண்ணால்தான் பார்த்தார்கள்.

அலுவலகம் கேட்காத ஒரு வேலையையும் அவள் தன் பாட்டில் செய்துவந்தாள். படித்ததை ஊருக்குச் சொல்லுவது. கிணற்றுக்கு இடம் குறிக்கப் போகிற இடத்தில் இந்த இடம் ஏன், அந்த இடம் ஏன் இல்லை என்று வீட்டுக்காரரை இருத்தி வைத்து விளங்கப்படுத்துவாள். இடத்தைக் காட்டிவிட்டுப் போ என்று சொல்லுவார்கள். போகமாட்டாள். நகரத்தில் ஒரு வாசிகசாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி, எங்கள் துறைமுகம் ஏன் இவ்வளவு ஆழம், கோணேசர் மலை ஏன் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது என்று ஒரு சனிக்கிழமை பேசத் தொடங்கினாள். பாதியில் சிவில் உடுப்புப் போட்ட இரண்டு பேர் வந்து பின்னால் நின்றார்கள். துறைமுகத்தின் ஆழத்தை இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லிக்கொடுக்கிறாய் என்று ஒருவன் கேட்டான். அது கப்பற்காரன் எல்லாருக்கும் தெரிந்த ஆழம்தானே என்றாள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசிகசாலையைப் பூட்டித் திறப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். வாசிகசாலைக்காரரும் அன்றைக்குப் பிறகு அவளைப் படியேற விடவில்லை.

அப்படியாகத்தான் 2004 மார்கழி வந்தது. போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டுத் துவக்குகள் ஓய்ந்திருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எழும்பி வந்து கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனது. சாம்பல்தீவுக் கரையில் இருந்த வீடுகளில் பாதிக்கு அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. குணரத்தினத்தின் வீடும் போனது. மனைவி கால் முறிந்து ஆஸ்பத்திரியில். அம்மா தெய்வாதீனமாக உறவுக்காரர் வீட்டுக்குத் திரியாய்க்குப் போயிருந்தபடியால் தப்பினாள்.

குணரத்தினத்தைப் பற்றி ஒரு நியாயம் சொல்லவேண்டும். அந்தக் கிழமை முழுதும் அவன் உழவு இயந்திரத்தைக் கொண்டுபோய், சேற்றுக்குள்ளும் முள்ளுக் கம்பிக்குள்ளும் கிடந்த பிரேதங்களை எடுத்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் தோளில் சுமந்தான். ஊர் அவனைக் கடவுளாகப் பார்த்தது. அடுத்ததாக அவன் கிணறுகளில் கைவைத்தான். ஒவ்வொரு கிணற்றிலும் கடற்தண்ணீரும் குப்பையும் செத்த கோழியும் கிடந்தன. உதவிக்கு வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் தண்ணீர் பம்புகளைக் கொண்டுவந்து இறக்கியது. வெங்காயத் தோட்டத்துக்கு இறைத்துப் பழகிய குணரத்தினம் அதற்குப் பொறுப்பு. காலை தொடங்கினால் பொழுதுபடுமட்டும் பம்பு இரையும். கிணறு வற்றும், ஊறும், திரும்ப வற்றும்.

கமலேஸ்வரி உப்பு அளக்கிற கருவியோடு வந்து இறங்கியது அதற்குள்தான். இறைத்த கிணறுகளில் அளந்தாள். இறைக்காத கிணறுகளில் அளந்தாள். இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வந்து அளந்தாள். கூடுதலாக இறைத்த கிணறுகளில் உப்புக் குறையவில்லை, கூடியிருந்தது. மேலே மிதந்த நல்ல தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றியதில் கீழே கிடந்த உப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் கருவியைப் பையில் போட்டாள். நேரே பம்படிக்குப் போனாள்.

"அண்ணை, மிஷினை நிப்பாட்டுங்கோ."

குணரத்தினம் திரும்பிப் பார்க்காமல், "சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை" என்றான். அவளே குனிந்து பம்பை நிறுத்தினாள்.

திடீரென்று வந்த அமைதியில் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒருக்கா குப்பையை எடுத்து இறைச்சால் காணும். அதுக்கு மேல இறைச்சால் உப்புத்தான் ஏறும். மாரி மழை பெய்து தானாக் கழுவவேணும். அதுவரைக்கும் விடுங்கோ."

"மாரி வர இன்னும் எட்டொன்பது மாசம் கிடக்கு. அதுவரைக்கும் சனம் உன்ர படிப்பைக் குடிக்கிறதோ?" என்றான் குணரத்தினம்.

"பவுசர் லொறியில தண்ணி குடுக்கிறம்தானே."

"பவுசர் எத்தினை நாளைக்கு வரும்? நீ கிணத்தை மூடி வைச்சிட்டு நகரத்துக்குப் போயிடுவாய். போ. போய் உன்ர கல்லை எண்ணு."

கூட்டத்தில் ஒருத்தி காறித் துப்பினாள். பம்பு திரும்ப இரைந்தது.

அவள் விடுகிற ஆளில்லை. அடுத்த கிழமை, சனங்கள் தங்கியிருந்த கூடாரங்களுக்கு நடுவில், ஒரு கண்ணாடி மீன்தொட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தொட்டி நிறையக் கடற்கரை மணல். உப்புத் தண்ணீரில் உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து அடியில் விட்டாள். மேலே மெதுவாக நல்ல தண்ணீரை ஊற்றினாள். கண்ணாடியோரம் பார்த்தால் கீழே நீலம், மேலே வெள்ளை, கோடு கிழித்ததுபோல நின்றது. கலக்கவில்லை. பிள்ளைகள் முன்னுக்கு ஓடிவந்தன. சேலைன் குழாயை மணலுக்குள் கொஞ்சம் இறக்கி, ஊசிக் குழலால் மெல்ல உறிஞ்சினாள். வெள்ளைத் தண்ணீர் வந்தது. பிறகு வேகமாக இழுத்தாள். கீழே கிடந்த நீலம் புற்றுப்போலக் கூம்பி மேலெழும்பிக் குழாய் வாயைத் தொட்டது. ஊசிக் குழல் நீலமாகியது.

"பாத்தியளே? இதுதான் உங்கட கிணத்தில நடக்குது. பம்பு இழுக்க இழுக்க..."

அவள் முடிக்கவில்லை. "எங்கட பிள்ளையள் செத்துக் கிடக்கு. இவ பொம்மை விளையாட்டுக் காட்டுறா" என்று ஒரு குரல். யாரோ மேசையை எத்தினார்கள். தொட்டி சாய்ந்து நிலத்தில் விழுந்து உடைந்தது. கண்ணாடித் துண்டொன்று அவளுடைய புறங்கையைக் கிழித்தது. அன்ஸார் ஓடிவந்து அவளை இழுத்துக்கொண்டு போய் வாகனத்தில் ஏற்றினார். பின்னால் கல் வந்து விழுந்தது. வாகனத்தின் பின் கண்ணாடி பொரிந்தது. எறிந்தவர்களுக்குள் அண்ணன் இல்லை. எறியாமல் தடுத்தவர்களுக்குள்ளும் இல்லை.

கைக்குக் கட்டுப் போட்டு மூன்றாம் நாள் அவள் தனியே திரும்பப் போனாள். கடற்கரையோரம் அன்னலட்சுமி என்ற ஒருத்தியின் கிணறு. அதை மட்டும் மற்றெல்லாவற்றையும்விடக் கூட இறைத்துக்கொண்டிருந்தார்கள். வற்றினாலும் விடாமல், சேறு வந்தாலும் விடாமல், பம்பை எடுக்கக்கூடாது என்று அன்னலட்சுமி கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தாள். அறுபதை எட்டுகிற மனுசி. தலைமயிரை வாரவில்லை.

"அக்கா, இந்தக் கிணறு முழுக்கச் சவராப்போகும். தயவுசெய்து நிப்பாட்டச் சொல்லுங்கோ."

அன்னலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எடி, உனக்கு இந்தக் கிணத்துக்குள்ள ஆர் கிடந்தது எண்டு தெரியுமோ?"

கமலேஸ்வரிக்குத் தெரியாது.

"என்ர மகள். உன்ர கொண்ணன்தான் கயிறு கட்டி இறங்கித் தூக்கினவன். நீ சவர் எண்டுறாய், உப்பு எண்டுறாய். நான் உப்புக்கே இறைக்கிறன்? அவள் கிடந்த தண்ணியில ஒரு சொட்டு உள்ளுக்க இருக்கக்கூடாது எண்டு இறைக்கிறன். போடி அங்கால."

கமலேஸ்வரி போகவில்லை. உப்பைப் பற்றி அவளிடம் இருந்த எல்லாக் கணக்கும் சரி. ஆனால் அந்த மனுசி கேட்ட கேள்வி அந்தக் கணக்கிலே இல்லை. வெய்யில் ஏறுமட்டும் கிணற்றடியில் நின்றாள். அன்னலட்சுமி ஏசிக்கொண்டே இருந்தாள். ஏசி ஏசிக் குரல் கட்டிப்போனது.

பிறகு கமலேஸ்வரி மெல்லச் சொன்னாள். "அக்கா, அந்தத் தண்ணி எப்பவோ போயிட்டுது. முதல்நாள் இறைச்சதிலேயே போயிட்டுது. இப்ப வாறது வேற தண்ணி, கடலுக்குக் கீழால வாற தண்ணி. நீங்கள் இறைக்க இறைக்கக் கடலைத்தான் திரும்பக் கூப்பிடுறியள்."

அன்னலட்சுமி நிமிர்ந்தாள். அடிக்கப்போகிறாள் என்று கமலேஸ்வரி நினைத்தாள்.

"கடலையோ?"

"ஓம். கீழால."

அந்த மனுசி எழும்பிப் போய்ப் பம்பு இறைத்துக்கொண்டிருந்தவனுடைய கையைத் தட்டிவிட்டாள். "நிப்பாட்டடா. இனி ஒருத்தனும் இதில தொடக்கூடாது." கமலேஸ்வரியிடம் திரும்பி, "நீயும் போ. உன்ர முகத்தையும் எனக்குப் பாக்க ஏலாது" என்றாள். தகரத்தால் கிணற்றை மூடி மேலே கல் வைத்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டார் தங்கள் கிணறுகளையும் மூடினார்கள். கமலேஸ்வரியை நம்பி மூடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் செய்கிறாள், ஏதோ காரணம் இருக்கும் என்று மூடினார்கள்.

அந்த வருடத்து மாரி நல்ல மாரி. ஐப்பசியில் பிடித்த மழை மார்கழி வரை விடவில்லை. மழை ஓய்ந்த பிறகு கமலேஸ்வரி அளந்தாள். மூடிவைத்த கிணறுகளில் தண்ணீர் குடிக்கலாம் என்கிற அளவுக்கு வந்திருந்தது. பம்பு வைத்து மாதக்கணக்காக இறைத்த கிணறுகள் அப்போதும் உவர். பொங்கலுக்குச் சனங்கள் அன்னலட்சுமியின் கிணற்றில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

கமலேஸ்வரிக்கு ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கதை பரவியது. தனக்கு வேண்டியவர்களுடைய கிணறுகளுக்கு மட்டும் அவள் ஏதோ மருந்து போட்டாளாம், கருவியை உள்ளே விட்டதே அதற்குத்தானாம். பொறுப்பான ஒரு மனிதர் அலுவலகத்துக்கே போய் முறைப்பாடு கொடுத்தார். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, "நீங்கள் அளந்து தந்தால் காணும். ஏன் ஒவ்வொரு இடமும் பிரசங்கம் வைக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

"சொல்லாமல் அளந்தால் மருந்து எண்டுதானே சொல்லுவினம், சேர்."

அவர் பைலை மூடினார். வெளியே போகலாம் என்று கையைக் காட்டினார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அலுவலகப் படலையடியில் குணரத்தினம் நின்றான். உள்ளே வரவில்லை. காவலாளியிடம் சொல்லி அவளை வெளியே கூப்பிட்டான். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் நின்று கதைத்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

"புது வீடு கட்டுறம். கிணறு ஒண்டு வேணும்" என்றான். பார்வை றோட்டில். "இடம் காட்டு. உன்னைச் சரியெண்டு சொல்ல வரேல்லை. வேற ஆளில்லை, அதால வந்தனான்."

எத்தனையோ வருடமாக வாய்க்குள் சேர்த்து வைத்த வார்த்தைகள் அவளிடம் இருந்தன. கன்னத்தில் விழுந்த அடி இருந்தது. எறிபட்ட கல் இருந்தது. எதையும் எடுக்கவில்லை. ஆனால் இளகவும் இல்லை.

"உங்களுக்கு மட்டும் காட்டமாட்டன். ஊரைக் கூப்பிடுங்கோ. எல்லாருக்கும் முன்னால ஏன் அந்த இடம் எண்டு சொல்லித்தான் காட்டுவன்."

"என்னை ஊருக்கு முன்னால நிப்பாட்டி வெக்கப்படுத்தப் பாக்கிறாய்."

"இல்லை. கேக்கிறதுக்கு ஆள் வேணும். நீங்கள் கூப்பிட்டால் வருவினம். நான் கூப்பிட்டால் கல்லுத்தான் வரும்."

குணரத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். இனி வரமாட்டான் என்று அவள் நினைத்தாள். ஆனால் அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையில் கூட்டம் இருந்தது. அவன் முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, "இவளைத் தங்கச்சி எண்டு கூப்பிடேல்லை. தண்ணி தெரிஞ்ச ஆள் எண்டு கூப்பிட்டனான். கேட்டுட்டுப் போங்கோ" என்று சொல்லிவிட்டு ஆக முன் வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

சிநேகமான கூட்டமில்லை. பாதிப்பேர் அவள் எங்கே பிழைவிடுவாள் என்று பார்க்க வந்தவர்கள். அவள் சொல்லச் சொல்லக் குறுக்கிட்டார்கள். பம்பு தந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ என்றான் ஒருவன். அவனுக்கு எங்கட மணல் தெரியாது என்றாள். நீ சொன்னது பிழைச்சால் என்றான் இன்னொருவன். பிழைச்சால் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ, எல்லாருமாகச் சேர்ந்து அளந்து பாப்பம் என்றாள். பின்னால் இருந்து கரைவலைக்காரர் ஒருவர் எழும்பினார். கோபமாகத்தான் எழும்பினார்.

"மழைத் தண்ணி கடல் தண்ணியோட கலக்காமல் ஏன் மேல நிக்குது? வாளிக்குள்ள ஊத்தினால் கலக்குதுதானே. மணலுக்குள்ள மட்டும் என்ன அதிசயம்?"

பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கமலேஸ்வரி ஊர்களில் பேசியிருக்கிறாள். ஏச்சு வந்திருக்கிறது, கல் வந்திருக்கிறது. இப்படியொரு கேள்வி வந்ததில்லை. உப்புத் தண்ணீர் பாரம், நல்ல தண்ணீர் பாரம் குறைவு. வாளிக்குள் ஊற்றினால் அது சுழலுகிறது, சுழல்வதால் கலக்கிறது. மணலுக்குள் ஒவ்வொரு துளியும் மணியிடுக்குகளில் நெளிந்து நெளிந்து ஊர்வதால் சுழல வழியில்லை, கலப்பதென்றால் காலம் எடுக்கும் என்று விளங்கப்படுத்தினாள். அவர் விடவில்லை. இன்னும் இரண்டு கேட்டார். கடைசியில், "பாப்பம்" என்று உறுமிவிட்டு இருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் குணரத்தினத்தின் காணியில், கடலுக்கு எதிர்ப்புறம், மணல் உயர்ந்து கிடந்த ஓரத்தில் காலால் ஒரு வட்டம் கீறினாள். ஆழம் வேண்டாம், அகலமாக வெட்டுங்கோ, வாளியால் அள்ளுங்கோ என்றாள்.

கிணறு வெட்டி முடியவும் சித்திரை பிறக்கவும் சரியாக இருந்தது. சித்திரையோடு நகரம் திரும்ப எரியத் தொடங்கியது. கடைகள் எரிந்தன, ஆட்கள் காணாமற்போனார்கள், றோட்டெல்லாம் மறுபடியும் சாவடிகள். சாம்பல்தீவில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குணரத்தினம் போகவில்லை. கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தது. மிஞ்சியிருந்த வீட்டார் அங்கேதான் அள்ளினார்கள். இடத்தைத் தானே பார்த்துக் குறித்ததாக அவன் சொல்லித் திரிகிறான் என அம்மா சொல்லி அவள் அறிந்தாள். இரண்டு நாள் கோபத்தில் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், போகட்டும், இடத்தை மட்டும்தானே எடுத்துக்கொண்டான் என்று விட்டுவிட்டாள். அவன் பிறகும் அவளுடைய வாசலை மிதிக்கவில்லை.

ஆவணியில் மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டு சனங்கள் காட்டுவழியாக நடந்து கந்தளாய்க்கு வந்து சேர்ந்தார்கள். அன்ஸாருடைய அக்கா ஜெமீலாவும் பிள்ளைகளோடு அங்கே ஒரு கூடாரத்தில். ஒரு திங்கட்கிழமை அன்ஸார் வாகனத் திறப்பைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மிஸ், அங்க மலக்குழியெல்லாம் மேட்டில வெட்டிரிக்காங்க. கிணறு பள்ளத்தில. புள்ளைகளுக்கு வயித்தால போவுது. நீங்க ஒருக்கா வந்து சொல்லணும்."

இத்தனை வருடத்தில் அவளை வந்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவர். அவள் பையை எடுத்தாள்.

"ஆனா மிஸ், எங்கட ஆக்களும் ஏசுவாங்க."

"ஏசட்டும், நானா. உங்கட அக்கா கேப்பாவோ?"

"ராத்தா கேப்பா."

ஏசினார்கள். முகாம் பொறுப்பாளன் ஒருவன், தமிழிச்சிக்கு இங்கே என்ன வேலை, உங்கட ஆக்கள் துரத்தித்தானே வந்தோம் என்று முகத்துக்கு நேரே கேட்டான். அவள் நிலத்தில் குந்தி, மேட்டில் ஊற்றுகிற தண்ணீர் மண்ணுக்குள் எந்தப் பக்கம் நடக்கும் என்று கோலால் கீறிக் காட்டினாள். ஜெமீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள். அவளைத் தொடர்ந்து வேறு சில பெண்கள் வந்தார்கள். ஒரே கிணற்றில் அள்ளுகிற இரண்டு வரிசைக் கூடாரத்தார் தங்கள் மலக்குழிகளை அந்தக் கிழமையே கிணற்றுக்குக் கீழான பள்ளத்துக்கு மாற்றினார்கள். மற்ற வரிசைகளில் மாற்றவில்லை. அந்த இரண்டு வரிசையிலும் பிள்ளைகளின் வயிற்றோட்டம் நின்றது என்று அன்ஸார் பிறகு வந்து சொன்னார். மற்ற வரிசைகளுக்கும் திரும்பப் போகவேண்டும் என்று கமலேஸ்வரி அலுவலகத்தில் வாகனம் கேட்டாள். தரவில்லை. அடுத்த கிழமையும் கேட்டாள்.